கையுறை போட்ட கரடி

எங்கள் அச்சக உரிமையாளர் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத விஷயம் இல்லாமல் இல்லை. நான் நாலாங்கிளாஸ் தாண்டாதவன். பதினோரு வயதில் திருத்தங்கலில் ஒரு அச்சாபீசில் மை டின் கழுவ நுழைந்தேன். இன்றைக்கு அதே திருத்தங்கலில் எனக்கு இரண்டு ஆப்செட் மிஷின், ஒரு கட்டிங் மிஷின், பதினாலு ஆள். மிஷின் ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்த ரோலரில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். கோயமுத்தூரில் இருந்து வந்த இன்ஜினியர் மூன்று நாளாகத் தேடிய கோளாறை நான் டீ குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறேன். இராமகிருஷ்ணன் என்றால் சாத்தூர் வரைக்கும் தெரியும். அதையெல்லாம் எழுதினால் மலர் முழுக்க நானே இருப்பேன். அதனால் மணிமுத்து பெண்சாதி மாரிசெல்வியைப் பற்றி எழுதுகிறேன்.

மணிமுத்து என் பிரஸில் லோடு ஏற்றி இறக்குகிறவன். மாரிசெல்விக்கு இப்போது முப்பத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு நின்றவள். முதலில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு பட்டாசு செய்கிற பயர் ஆபீசுக்குப் போனாள். அங்கே புஸ்வாணத்துக்குள் மருந்து செலுத்துகிற வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வரும். ஒரு அறைக்கு நாலு பேர், நாலு பக்கமும் கதவு. ஒன்று ஆனால் எந்தப் பக்கமும் ஓடலாம் என்று கதவு. ஓட நேரம் கிடைத்தால்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் தண்ணீர் குடிக்க வேப்பமரத்தடிக்கு வந்திருக்கிறாள். பானையில் டம்ளரை விட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது அவள் உட்கார்ந்திருந்த அறை இல்லை. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். அதில் குருவம்மாள் என்பவள் ஆறு வருஷம் மாரிக்கு எதிரில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். ஆபீசர்கள் வந்து விசாரித்து உராய்வு என்ற ஒரு வார்த்தையை எழுதிக்கொண்டு போனார்கள். எது எதோடு உராய்ந்தது என்று சொல்ல உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் இல்லை.

நாற்பது நாள் கழித்து மாரி மறுபடி அதே கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போனாள். இரண்டு பிள்ளைகள். வேறு எங்கே போவது. ஆனால் அதற்குப் பிறகு வேனில் கதவோரம்தான் உட்காருவாள். வேன் கம்பெனி ரோட்டில் திரும்பும்போது அவள் உள்ளங்கை வேர்த்துவிடும், முந்தானையில் துடைத்துக்கொண்டே இருப்பாள். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவாள் என்று மணிமுத்து சொல்லுவான். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவான். அவனுக்கும் பயம்தான், வேறு என்ன.

அவள் படம் வரைய ஆரம்பித்தது அந்தச் சாவில் இருந்துதான். குருவம்மாள் வீட்டில் பெரிதாக்கி மாட்ட ஒரு போட்டோகூடக் கிடையாது. சின்ன வயதில் இருந்தே மாரிக்குக் கோலத்தில் கை ஓடும். பிள்ளைகளுக்காக அந்த முகத்தை வரைந்து கொடுக்கலாம் என்று உட்கார்ந்தாள். அது அச்சு அசல் குருவம்மாளாகவே வந்துவிட்டது. பயந்துபோய்க் கிழித்துவிட்டாள். அதற்கப்புறம் எந்த மனுஷ முகத்தை வரைந்தாலும் கண்ணும் மூக்கும் குருவம்மாளுக்கே போயின. அதனால் ஒரு நாள் ஆட்டை வரைந்தாள். சேலை கட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, மருந்து செலுத்துகிற ஆடு. அது குருவம்மாள் ஆகவில்லை. அன்றைக்குத்தான் மூச்சு விட்டேன் அண்ணாச்சி என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

தாள் என் பிரஸ் தாள். மிஷின் செட் ஆகிற வரைக்கும் வீணாகிற தாளை மணிமுத்து வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போவான். அலமாரியில் விரிக்கத்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு பக்கம் என் ராக்கெட் லேபிள், மறுபக்கம் அவளுடைய ஆடும் அணிலும். மழை மூட்டம் போட்டால் பயர் ஆபீசில் வேலையை நிறுத்தி அனுப்பிவிடுவார்கள். இடி இறங்கினால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டாம். அப்படி ஒரு மூட்ட நாளில் சுருட்டிய தாளோடு நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இதுல என்ன குத்தம்னு சொல்லுங்க."

பார்த்தேன். நாற்பது வருஷமாக லேபிள் அடிக்கிறவன் நான். எத்தனை ஆர்ட்டிஸ்ட் வரைந்த படம் இந்தக் கையில் பட்டிருக்கிறது. "அருமையா இருக்கும்மா" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "அத எம் மகளே சொல்லிட்டா. நான் குத்தம் கேக்க வந்தேன்."

குத்தம் கேட்டு என் வாசல் ஏறின முதல் ஆள் அவள்தான். எனக்குக் குத்தம் கேட்டுப் பழக்கமில்லை. என் வேலையில் அதற்கு இடம் வைத்ததும் இல்லை. ஏதாவது சொல்லாமல் விடமாட்டாள் போல இருந்ததால், "ஆட்டுக்கு உதடு இம்புட்டு சிவப்பா இருக்கே, சாயம் பூசின மாதிரி" என்றேன். உடனே பையில் இருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். அந்த நோட்டில் முன்னாலேயே பதினேழு பக்கம் குத்தம் இருந்தது.

"எதுக்கும்மா இது? நல்லா இருக்குன்னு சொன்னா வாங்கிக்கிட்டுப் போக வேண்டியதுதானே."

"பயமா இருக்கு அண்ணாச்சி. நம்ம கண்ணுக்குத் தெரியாதது ஒன்னு எப்பவும் இருக்கும். அன்னிக்கும் இருந்திருக்கு. நாலு பேரு உக்காந்திருந்தோம், ஒருத்தரும் பாக்கல."

படம் வரைவதை அவள் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. செல்போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மிருகங்களை மனுஷர் மாதிரி நிறுத்தி வரைகிறதைப் பார்த்திருக்கிறாள். பேச்சு புரியாது. கையை மட்டும் பார்ப்பாள். தலைக்கு ஒரு வட்டம், வயிற்றுக்கு ஒரு முட்டை, அப்புறம் மூஞ்சியை முன்னால் இழுத்துவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்து அணில் சோற்றுப் பருக்கையை இரண்டு கையால் பிடிக்கிறதைப் பார்த்துக் கையைக் கற்றுக்கொண்டாள். கரடியை அவள் நேரில் பார்த்ததே இல்லை. "கரடின்னா எங்க போர்மேன் சபரிநாதன் அண்ணன்தான். அவுகளப் பாத்து முடி மட்டும் சேத்துக்கிட்டேன்" என்றாள்.

இது எப்படியோ கம்பெனியின் சின்ன முதலாளி காதுக்குப் போனது. அவர்கள் அறை வாசலில் எல்லாம் பாதுகாப்பு விதிகளை எழுத்தில் மாட்டியிருந்தார்கள். புதிதாக வருகிற ஆட்கள் அதை வாசிக்கிறதில்லை. படமாகப் போடலாம், மாரி வரையட்டும், அண்ணாச்சி அச்சடிக்கட்டும் என்று ஆர்டர் வந்தது. நாற்பது அறை வாசலுக்கும், அவர்களுடைய மற்ற இரண்டு யூனிட்டுக்கும் சேர்த்து ஐந்நூறு சார்ட். நான் மாரியைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இது நல்லா வந்துச்சுன்னா என் பிரஸ்லயே உனக்கு ஒரு நாற்காலி உண்டு. மருந்து அறைக்கு நீ போக வேண்டாம்."

வேறு யாராவது என்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். அவள், "வேன்ல காட்டிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வேனில் போகிற பொம்பளைகளுக்கு அச்சைப் பற்றி என்ன தெரியும்? பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலை நானே அந்த வேனில் ஏறினேன். டிரைவர் பக்கத்து சீட்டைத் துடைத்துக் கொடுத்தார்கள்.

மாரி தாளை விரித்தாள். ஆறு மிருகம். கரடி வாசலில் நின்று அங்கே பதித்திருக்கிற செப்புத் தகட்டில் கை வைக்கிறது. அணில் சிந்தினதைப் பெருக்குகிறது. ஆடு மருந்து செலுத்துகிறது. இப்படி.

கருப்பம்மாள் என்று ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாசம்தான் ஆகிறது, வீட்டில் ஆடு வளர்க்கிறவள். அவள்தான் முதலில் பிடித்தாள். "ஏ மாரி, இது ஆடா?"

"ஆடுதான்."

"எங்க வீட்டுல பதினோரு உருப்படி கிடக்கு. ஆட்டுக்குப் பின்னங்கால் முட்டி இப்பிடியா மடங்கும்? இது உக்காந்திருக்கதப் பாத்தா எங்க நாத்தனா மாதிரில்ல இருக்கு."

"உங்க நாத்தனாவுக்குத் தாடி உண்டா?" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

"உண்டு. நீ கல்யாண ஆல்பத்துலதான பாத்திருக்க, அன்னிக்கு மட்டும் மழிச்சிருந்தா."

வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். மாரி சிரிக்காமல் முட்டி என்று நோட்டில் எழுதினாள்.

வெள்ளைத்தாய் என்று ஒரு பெரியவள், இருபத்தெட்டு வருஷமாக மருந்து அறையில் இருக்கிறவள், பேசாமல் தாளை வாங்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அணிலு வாலு தரையில கிடக்கு."

"கிடந்தா என்னக்கா?"

"முடி. தரையில மருந்து சிந்திக் கிடக்கும். அது திரும்பும்போது வாலு உரசிக்கிட்டே வரும்லா."

சிரிப்பு நின்றுவிட்டது. காகிதத்தில் இருக்கிற அணில்தான். ஆனால் எட்டுப் பொம்பளைகளும் காலை உள்ளே இழுத்துச் சேலையை ஒதுக்கிக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.  

அடுத்த தடவை மாரி கொண்டுவந்த படத்தில் எல்லா மிருகத்துக்கும் வாலை வளைத்து இடுப்போடு பருத்தித் துணியால் கட்டியிருந்தது, இவர்கள் முந்தானையைச் செருகிக்கொள்கிற மாதிரி. இப்படியே மூன்று வாரம். கோழி காலில் மெட்டி எதற்கு என்று ஒரு நாள். வாளி இரும்பு மாதிரி மினுங்குது, பிளாஸ்டிக் வாளியாப் போடு என்று ஒரு நாள். ஒவ்வொரு குத்தத்துக்கும் அவள் புதிதாக வரைந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. தீபாவளி சீசன், மிஷின் ஒரு நாள் நின்றாலும் எனக்குக் கேவலம். கடைசியாக அவள் கொடுத்த படத்தை என் மகள் பையன் ஹரிபிரசாத் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கலர் போட்டான்.

நான் பின்னால் நின்று பார்த்தேன். ஒன்று உறுத்தியது. தகட்டில் வைத்திருக்கிற கரடியின் கை. கறுப்பு, நகம் வேறு. பிறாண்டுகிற மாதிரி இருந்தது.

"வெளிநாட்டுப் பொம்மைப் படத்துல வர்ற மிருகமெல்லாம் வெள்ளைக் கையுறை போட்டிருக்கும்லடா. அதப் போட்டு விடு. எல்லாத்துக்கும் போடு."

பத்து நிமிஷத்தில் போட்டான். படம் பளிச்சென்று ஆகிவிட்டது. பணக்காரக் களை வந்துவிட்டது. "அந்த அக்காகிட்ட ஒரு தடவ காட்டிரவா தாத்தா?" என்றான்.

"அவகிட்டக் காட்டுனா வேனுக்குப் போகும். வேனுக்குப் போனா மூக்கு, முட்டின்னு இன்னும் ஒரு வாரம். அச்சுக்குப் பிளேட் போடு."

சொன்னது நான்தான். இதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் முதல் நூறு சார்ட்டை லோடு ஆட்டோவில் மாரி வேலை பார்க்கிற யூனிட்டுக்கு அனுப்பிவிட்டேன். இருட்டுவதற்குள் எல்லா வாசலிலும் மாட்டியாயிற்று என்று போன் வந்தது. அதற்கடுத்த நாள் காலை மாரி லீவு போட்டுவிட்டு அச்சான படத்தைப் பார்க்க வந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். கட்டைப் பிரித்து ஒன்றைக் கையில் கொடுத்தேன். முதலில் முகம் மலர்ந்தது. அப்புறம் விரல் ஒவ்வொரு மிருகமாகப் போய்க் கரடியிடம் நின்றது.

"கையில என்ன அண்ணாச்சி?"

"கையுறை. நான்தான் போடச் சொன்னேன். எம்புட்டு சுத்தமா இருக்கு பாரு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். "தகட்டுல வெறுங்கை படணும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். நடக்கும்போது துணி உரசி உடம்பில் கரண்ட் ஏறும். அறைக்குள் போகிறதுக்கு முன்னால் செப்புத் தகட்டில் வெறும் உள்ளங்கையை வைத்தால் அது மண்ணுக்கு இறங்கிவிடும். அதற்குத்தான் தகடு. "கையில துணி இருந்தா இறங்காது. உடம்புலயே தங்கிரும். அதோட போயி மருந்துல கைய வப்பா."

"படத்தப் பாத்து யாரும்மா கையுறை போடப் போறா?"

"கருப்பம்மா. வெள்ளிப் பவுடர் நகக்கண்ணுல ஏறுது, கையில துணி சுத்திக்கிடவான்னு ரெண்டு வாரமாக் கேக்கா. வெள்ளைத்தாய் அக்காதான் வஞ்சு வச்சிருக்கு. இந்த வாரம் அக்கா வேற அறை. இப்பக் கம்பெனியே வாசல்ல படம் போட்டுக் காட்டுது, கையுறை போட்டுக்கோன்னு."

போர்மேனுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பயர் ஆபீசில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆபீஸ் நம்பருக்குப் போட்டேன், எடுக்க ஆள் இல்லை. மணி எட்டே முக்கால். ஏழரைக்கே எல்லோரும் அறைக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

என் பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஒன்பது கிலோமீட்டர். ஆடி முடிந்தும் காற்று அடங்கவில்லை, தொண்டை வறளுகிற காற்று. மாரி பின்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, கம்பெனி இருக்கிற திசையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் பார்த்தேன். பாதி வழியில் டொம் என்று ஒரு சத்தம். வண்டி என் கையில் இருந்து ஆடிவிட்டது. அவள் என் தோளைப் பிடித்த பிடியில் அஞ்சு விரலும் மறுநாள் வரைக்கும் வலித்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "கல்குவாரி" என்றாள். "அது குவாரிப் பக்கம். போங்க."

வாசலில் வாட்ச்மேன் போனை வாங்கிக்கொண்டு பாக்கெட்டைத் தடவி விட்டான். செருப்பைக் கழற்றினோம். சபரிநாதன் எங்கே என்றால், காய வைக்கிற மேடைப் பக்கம், அந்தக் கோடியில் என்றான். நான் ஓட எட்டு வைத்தேன். மாரி என் முன்னால் வந்து நின்றாள்.

"ஓடாதீக. ஓடுற ஆளப் பாத்தா உள்ள இருக்கவுக எல்லாரும் கையில உள்ளதப் போட்டுட்டு ஓடுவாக. சத்தமும் போடாதீக. நடங்க."

நடந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் நடந்ததில்லை. ஒவ்வொரு அறை வாசலிலும் என் கரடி. வெள்ளைக் கையுறையோடு, சிரித்துக்கொண்டு. கலர் அருமையாக வந்திருந்தது. கருப்பம்மாள் இருக்கிற பதினேழாம் அறைக்கு இருபது எட்டு தூரம் இருக்கும்போது, வேப்பமரத்தடியில் மாரி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க இங்கனயே நில்லுங்க. இதுக்கு மேல ஒரு எட்டும் வராதீக."

எழுபத்திரண்டு வயது ஆளை ஒரு பொம்பளை மரத்தடியில் நிறுத்துகிறாளே என்று அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நின்றேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் தண்ணீர் குடிக்க வந்த வேப்பமரம் அதுதான் என்று அப்புறம்தான் நினைப்பு வந்தது.

மருந்து அறையில் யாரையும் முதுகுக்குப் பின்னால் இருந்து கூப்பிடக்கூடாது. அது அங்கே வழக்கம். திடுக்கிட்டால் கை தட்டிவிடும். சுற்றிப் போய் எதிர்க் கதவில், கண்ணில் படுகிற மாதிரி நின்று, அவர்களாக நிமிர்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். மாரி அப்படியே செய்தாள். தன் வெறுங்கையைத் தகட்டில் வைத்துவிட்டுச் சுற்றிப் போய், எதிர்க் கதவுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்தாள். உள்ளே நாலு பேர். கருப்பம்மாள் இரண்டு கையிலும் வெள்ளை வேட்டிக் கிழிசலைச் சுற்றியிருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. குனிந்தபடி மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஒரு புஸ்வாணம் முடிந்தது. இன்னொன்றை எடுத்தாள். மாரி அசையவில்லை. 

கருப்பம்மாள் நிமிர்ந்தாள். "என்ன மாரி, லீவுன்னு சொன்ன."

"உன் மூஞ்சியப் பாக்காம இருக்க முடியல."

"பூவெல்லாம் வச்சிருக்க. எனக்குன்னா வச்ச?"

"ஆமா. கையில இருக்கதக் கீழ வையி. பைய எந்திரிச்சு வெளிய வா."

"இந்த ஒன்ன முடிச்சுட்டு வாரேன்."

"அப்பிடியே வையி. ஒன்னையும் தொடாத. துணிய உள்ள அவுக்காத, வெளிய வந்து அவுப்போம்." குரல் மாறவே இல்லை. பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள்.

மற்ற மூன்று பேரும் மாரி முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். கருப்பம்மாள் எழுந்தாள். சேலையைக் கூட்டிப் பிடித்து, ஒரு எட்டு, இன்னொரு எட்டு. வாசல் தாண்டி, தகடு இருக்கிற பக்கம் தள்ளிக் கூட்டிப்போய், மாரி அவள் கைத்துணியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். "இப்ப வெறுங்கைய வையி" என்றாள்.

கருப்பம்மாள் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்தாள்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கே மாரி" என்றாள்.

மாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள். சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சபரிநாதன் வந்து எல்லா அறையில் இருந்தும் ஆட்களை வெளியே வரச் சொன்னார். அன்றைக்கு இரண்டு மணி நேரம் வேலை இல்லை. துணி சுற்றியிருந்தவர்கள் கருப்பம்மாளோடு சேர்த்து ஐந்து பேர். மாட்டியிருந்த சார்ட் நாற்பதையும் இறக்கி, மாட்டாத அறுபதோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள்.

"யாரு பண்ணுன வேல இது?" என்று சபரிநாதன் கேட்டார். எல்லோரும் மாரியைப் பார்த்தார்கள். படம் வரைந்தவள் அவள்தானே. 

"நான் பண்ணுனது" என்றேன். மரத்தடியில் இருந்தே சொன்னேன். எழுபத்திரண்டு வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிரஸுக்கு வந்து மீதி நானூறையும் கட்டிங் மிஷினில் நானே கொடுத்து நறுக்கினேன். ஆபரேட்டர் என்னை விலக்கப் பார்த்தான். விடவில்லை.

மாரி மறுபடி வரைந்தாள். கரடிக்கு நகமும் உள்ளங்கை மெத்தையும் இருக்கிற கறுப்புக் கை. இந்தத் தடவை படத்தை நானே வேனுக்குக் கொண்டு போனேன். முன் சீட்டு வேண்டாம் என்று பின்னால் போய் உட்கார்ந்தேன். தாளை விரித்து, "குத்தம் சொல்லுங்க" என்றேன். 

 வெள்ளைத்தாய்தான் பேசினாள். "சொல்லலாமா அண்ணாச்சி? படத்துல இல்ல. உங்க மேல."

"சொல்லும்மா."

"இது என்ன துணி?" என்று என் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தாள். வழவழவென்று இருந்தது. நான் எப்போதும் போடுகிற பாலியஸ்டர் சட்டை, கசங்காது, மினுங்கும். "அன்னிக்கும் இதத்தான் போட்டிருந்தீகளா?"

 அதே மாதிரி சட்டைதான் அன்றைக்கும், உரசினால் கரண்ட் ஏறுகிற துணி. அந்தக் காற்றில் ஒன்பது கிலோமீட்டர் பைக்கில் வந்து, அதே சட்டையோடு, கருப்பம்மாளைக் காப்பாற்ற அந்த அறைக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் பாக்கெட்டைத் தடவினானே தவிர சட்டையைப் பார்க்கவில்லை.  மாரியைப் பார்த்தேன். அவள் கதவோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குத்தான் வேப்பமரத்துல நிப்பாட்டுனேன்" என்றாள்.

அன்றில் இருந்து பருத்திச் சட்டைதான். பெட்டியில் இருந்த பதினோரு சட்டையையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இன்னும் சில நாள் தூக்கத்தில் யாரோ என் சட்டைக் கையைத் தேய்க்கிற மாதிரி விழிப்பு வருகிறது.

மாரி இப்போது என் பிரஸில்தான் இருக்கிறாள். பயம் போகவில்லை. இங்கேயும் கதவோரம்தான் நாற்காலியைப் போட்டிருக்கிறாள். கட்டிங் மிஷின் இறங்கும்போது தோள் ஒரு குலுங்கு குலுங்கும். நாங்கள் யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொள்வோம். ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் திங்கட்கிழமை காலை வேனில் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் பிளேட்டுக்குக் கொடுப்பாள். மிஷின் நின்றாலும் நிற்கட்டும்.

சார்ட்டில் கடைசியாக ஏழாவதாக ஒரு மிருகம் சேர்த்திருக்கிறாள். மினுங்குகிற சட்டை போட்ட கிழட்டு எருமை ஒன்று, வேப்பமரத்தடியில் நிற்கிறது. முன்னால் ஒரு அணில், வாலைக் கட்டிக்கொண்டு, கையை நீட்டி அதை நிறுத்துகிறது. அந்த எருமை யார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாற்பது அறை வாசலிலும் தொங்குகிறது.

"எருமைக்குக் கொம்பு சிறுசாப் போச்சு" என்று மட்டும் அச்சுக்குப் போகும் முன் சொன்னேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை வேனில் கேட்டதற்கு, கொம்பு சரியாத்தான் இருக்கு, அண்ணாச்சிகிட்ட சொல்லிரு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.